கொச்சங்காடியில் ஒரு தூசி கூட இல்லாத அறை

கொச்சி மட்டாஞ்சேரிக்கு எல்லோரும் சுற்றிப் பார்க்கப் போவார்கள். 1985 ஆகஸ்டில் நான் போனது ஓர் அறையைத் துடைக்க. கொச்சங்காடியில் சுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்று எங்கள் கம்பெனியிடம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. அதன் தகவல்களைச் சேமிக்கும் டிஸ்க் டிரைவ் துணி துவைக்கும் இயந்திரம் அளவு பெரியது. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே ஒரு தலைமுடி கூட நுழையாது. தூசி நுழைந்தால் தட்டில் கீறல் விழுந்து, எல்லாம் போச்சு. கோயம்புத்தூரில் நான் தயார் செய்த அறையில் அப்படித்தான் போனது. இதுவும் போனால் இனி வெளியூர் வேலை கிடையாது, மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மெட்ராஸிலிருந்து ரயிலில் திங்கள் காலை எட்டேகாலுக்கு எர்ணாகுளம். படகுத்துறைக்கு ஆட்டோ ஐந்து ரூபாய் (கேட்டது எட்டு). மட்டாஞ்சேரிப் படகு எண்பது பைசா, முப்பத்தைந்து நிமிடம். இறங்கித் தெற்கே ஒரு கிலோமீட்டர் நடை. மழை விடவில்லை, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டேன். மானம் பார்க்கிற நேரமா அது?

இரண்டு வாரம் முன்பே குடோன் மேற்பார்வையாளர் வர்கீஸ் சேட்டனுக்குப் போன் செய்து, "அறையில ஒரு தூசி கூட இருக்கக் கூடாது" என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். "மனசிலாயி சாரே" என்று மூன்று முறையும் பதில் வந்தது. புரிந்துவிட்டதாம். தமிழும் மலையாளமும் அக்கா தங்கைதானே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அறையைப் பார்த்ததும் தலை சுற்றியது. பக்கத்துக் குடோனில் சுக்கு சலிக்கிறார்கள், நடுக்கதவு திறந்து கிடக்கிறது. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் மாவு போல ஒட்டுகிறது. ஐம்பது வயது வர்கீஸ் சேட்டன் பெருமையாக ஒரு தகர டப்பாவை நீட்டினார். உள்ளே சாக்குத் தைக்கும் ஊசிகள். "நாற்பத்திமூந்நெண்ணம், சாரே. காந்தம் வெச்சு தப்பி எடுத்தது. இனி ஒரு தூசி இல்லா." நாற்பத்து மூன்றையும் காந்தம் வைத்துத் தேடி எடுத்தாராம். சாக்குத் தைக்கிறவர்களைக்கூட மழையில் வராந்தாவுக்கு அனுப்பியிருந்தார்.

கேலி செய்கிறார் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான டைப்பிஸ்ட் மீனாட்சிதான் நடுவே வந்தாள். "சார், இவாளுக்குத் தூசின்னா ஊசியாக்கும். நீங்க சொல்ற தூசிக்கு இங்க பொடின்னு பேர்."

"பொடியாணோ? அது ஆத்யமே பறயண்டே, சாரே?" என்றார் வர்கீஸ் சேட்டன், கோபமே இல்லாமல். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியவன் நான்தானே. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வியாழன் பகல் பதினொன்றுக்கு டிரைவ் வருகிறது. கையில் மூன்றே நாள். முதலில் நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்து, மாடிப்படிப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்டோம். உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு எண்ணெய்ப் பெயிண்ட், ஜன்னல் இடுக்கெல்லாம் மக்கு வைத்து அடைத்தோம். விளக்குமாறு தொடக் கூடாது, ஈரத்துணி மட்டும்தான். ஊசியைத் தேடிய அதே வெறியோடு அவர் பொடியைத் தேடினார். மின்விசிறிக் கொக்கியைக்கூட விடவில்லை. பெயிண்ட் காயும்வரை சுக்கு சலிப்பதையும் நிறுத்திவைத்தார். புதன் மாலை வெள்ளைத் துணியால் தரையைத் துடைத்தேன். வெள்ளையாகவே வந்தது. ஆனாலும் இன்னொரு தடவை துடைக்கச் சொன்னார்.

வியாழன் நாலு மணிக்கு டிரைவை ஓட்டினோம். சீரான சத்தம்தான், கீறல் இல்லை. என் வேலை பிழைத்தது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஆகஸ்டில் குடையை நம்பாதீர்கள், மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். போனில் எதைச் சொன்னாலும், என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வெள்ளி காலை கிளம்பும் முன் வர்கீஸ் சேட்டனை உள்ளே வந்து பார்க்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றினார், காலைக் கழுவினார், வாசலோடு நின்றுவிட்டார். "வேண்டா சாரே. இருபது கொல்லமாயி சுக்கில் நில்குந்ந ஆளா. ஞான் கேறியா பொடியும் கேறும்." இருபது வருஷமாகச் சுக்கில் நிற்கிற ஆளாம், தான் நுழைந்தால் பொடியும் நுழையுமாம். எவ்வளவோ கெஞ்சினேன். கண்ணாடிக் கதவு வழியாக ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தன் மூச்சு பட்டு மங்கிய இடத்தை முண்டு நுனியால் துடைத்துவிட்டு, குடோனுக்குப் போனார்.