பெரியக்காவின் தண்ணீர்க் கம்ப்யூட்டர்

டிஷ்யூ தாளை நான்காக மடித்து, குழாய் வந்து சேரும் ஒவ்வொரு மூட்டுக்குக் கீழும் ஒன்றாகச் செருகிவிட்டு, பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். பக்கத் தகடு கழற்றிய கம்ப்யூட்டர், மேசைமேல் வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதற்கு இன்னும் உயிர் கொடுக்கவில்லை. உள்ளே தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்புக்கு மட்டும்தான் மின்சாரம். ஒரு சொட்டு கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அடுப்பில் பால் இருப்பதை மறந்தாலும் மறப்பாரே தவிர, தாளைத் தொட்டுப் பார்க்க மறக்கமாட்டார்.

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அங்கே இளைய நர்சுகளுக்கு மட்டுமல்ல, டாக்டர்களுக்கும் அவர் பெரியக்காதான். நோயாளியின் ரத்தம் குழாய் வழியே வெளியே வந்து, மெஷினில் சுத்தமாகி, மறுபடி உடம்புக்குள் போகிறவரை பக்கத்திலேயே நிற்பது அவர் வேலை. சிரிப்பு குறைவு, முறைப்பு அதிகம். சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடித்து, உடம்பு ஊதி வருகிறவர்களைப் பார்த்து, "என்ன, நேத்து குளத்துல விழுந்துட்டீங்களா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே அவர்கள் காலடியில் போர்வையை இழுத்துச் செருகிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்குக் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர வைக்கும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதுதான் பிரிவில் இப்போது பேச்சு. அவர் அதில் செய்வதெல்லாம் பழைய பாட்டு கேட்பதும், டியூட்டி பட்டியல் அடிப்பதும். அதற்கு உள்ளே இருந்த விசிறியே தாராளம். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, கம்ப்யூட்டருக்குள் இருந்த சின்னத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, மீன் எப்போது விடப்போகிறீர்கள் என்று விசாரித்தார். அவருக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

விஷயம் மகன். படிக்கிற காலத்தில் இந்த வாட்டர் கூலிங்குக்காக நச்சரித்தவன் அவன்தான். "கரன்ட்டையும் தண்ணியையும் ஒண்ணா வைக்கச் சொல்றியா? போய்ப் படி" என்று அன்றைக்கு வாயை அடைத்துவிட்டார். படித்தான். வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போய்விட்டான். கம்ப்யூட்டர் மட்டும் அவன் அறையிலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். நல்ல பிள்ளை, குறை சொல்ல வாய் வராது. சாப்பிட்டியா என்றால் ம் என்பான். உடம்பு எப்படி என்றால் அதற்கும் ம். பிறகு, "வைக்கட்டுமாம்மா?" அவனிடம் சொல்வதற்கென்று பெரியக்கா வாரம் முழுக்கப் பேச்சுச் சேர்த்து வைப்பார். போனை எடுத்ததும் ஒன்றுகூட நினைவுக்கு வராது.

அப்படி ஒன்றும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் கம்ப்யூட்டர் மிக்ஸி மாதிரி கத்துகிறது என்று எதையோ சொல்லிவைத்தார். அவ்வளவுதான், பையன் பிடித்துக்கொண்டான். தூசி, சூடு, பிராசசர் மேல் உட்காரும் செம்புத் தகடு, அதன் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர், அங்கே ஆறிவிட்டுத் திரும்பும் தண்ணீர் என்று மூச்சு விடாமல் பேசினான். பாதி புரியவில்லை. பெரியக்கா குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, பையைக்கூடக் கழற்றாமல் கதை சொன்ன பிள்ளையின் குரல் அது. எங்கே போயிருந்தது இத்தனை நாளாக?

"ஆனா அதெல்லாம் உன்னால முடியாதும்மா" என்று முடித்தான்.

"ஏன் முடியாது? என்னென்ன வாங்கணும், அதைச் சொல்லு."

பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே, குழாயைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டு, திருகை ஒரேயடியாக இறுக்காதே என்று அவன் சொல்லச் சொல்ல இவர் செய்தார். முதல் குழாயைக் குட்டையாக வெட்டித் தொலைத்தார். அடுத்தது இன்னும் அழகு. பிரிவில் ரத்தம் வெளியே வரும் குழாய்க்குச் சிவப்பு அடையாளம், திரும்பிப் போகும் குழாய்க்கு நீலம். கைப்பழக்கத்தில் இங்கேயும் சிவப்பு நாடாவும் நீல நாடாவும் ஒட்டிவிட்டார். வீடியோவில் பார்த்தவன், "அம்மா, அது பேஷன்ட் இல்லம்மா" என்று மூச்சு வாங்கச் சிரித்தான். உள்ளே போகிற தண்ணீருக்கும் வெளியே வருகிற தண்ணீருக்கும் சூட்டில் பெரிய வித்தியாசமே இருக்காது என்று விளக்கினான். நாடாவைப் பெரியக்கா பிரிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்த தவறுகளில் தானாக நடந்தவை எவை என்று அவரிடம் யாரும் கேட்கக்கூடாது. ஊசிமுனைக் கசிவைக்கூட விடாத கை, ஒரே ஒரு குழாய் மூட்டை மட்டும் ஞாயிறுக்கு ஞாயிறு சரியாக மாட்டாமல் விட்டது என்றால், கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆனாலும் எதற்கும் ஒரு முடிவு உண்டே. பெட்டியை அப்படியும் இப்படியும் சாய்த்துக் குழாய்களில் தங்கிய காற்றையும் வெளியேற்றியாயிற்று. இன்று ஞாயிற்றுக்கிழமை. மகன் எங்கோ வழியில் இருக்கிறான். வீடியோ இல்லை, குரல் மட்டும். தாளெல்லாம் காய்ந்திருக்கிறதா என்று கேட்கிறான். காய்ந்துதான் இருக்கிறது.

"அப்ப முடிஞ்சுதும்மா. கலக்கிட்ட. இனிமே பட்டனை அமுக்கினா போதும்."

பெரியக்காவுக்கு அவனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்டுவிடலாம். கேட்டால் லீவு இல்லை என்பான். சொல்லிவிட்டு அவனும் வருத்தப்படுவான்.

"சரிம்மா, அப்ப..." என்று இழுக்கிறான்.

"இருடா. ஒரு குமிழி மாட்டிக்கிட்டு இருக்கு."

"எங்கம்மா, ரேடியேட்டர்கிட்டயா? மெதுவா தட்டிப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

பெரியக்கா போனைக் குழாயின் அருகே நகர்த்தி வைக்கிறார். குழாயில் தண்ணீர் பொட்டுக் காற்றில்லாமல் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல், அவனுக்குக் கேட்கும்படியாக, விரல் நுனியால் தட்டத் தொடங்குகிறார்.