கண்ணைப் பொத்தும் கை

லிஃப்ட்காரருக்குப் பேய்ப்படம் என்றால் சின்ன வயதிலும் பயம், இப்போதும் பயம். அதை அவரே ஒத்துக்கொள்வார். முப்பத்தாறு வருஷமாக மாடிக் கட்டிடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கயிற்றைச் சோதித்து, நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிடுகிற மனுஷர், திரையில் ஒரு கதவு தானாகத் திறந்தால் போதும், வெலவெலத்துப் போவார். அப்படிப்பட்டவர் தன் அறுபத்துமூன்றாம் வயதில், உண்மையிலேயே குலைநடுங்க வைக்கிற படம் எது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தார். வேலை பார்க்கிற இடத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். காரணம் தெரிந்த ஒன்றிரண்டு பேர்தான் சிரிக்கவில்லை.

காரணம் அவர் மனைவி. அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் பெரிய சிஸ்டர் என்றுதான் பெயர். லிஃப்ட்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் "சிஸ்டர், ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டு, கட்டின பெண்டாட்டியை எவனாவது அப்படிக் கூப்பிடுவானா என்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

இருவரும் சந்தித்ததே லிஃப்டில்தான். ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். அவருக்கு அது தனியாகப் போன முதல் வேலை. அந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. கதவில் கை வைப்பதற்கு முன்னால், வெளியே நின்று உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டும். நான் யார், எங்கே நிற்கிறேன், ஒன்றும் ஆகாது என்று சொல்லி, பதில் வந்த பிறகுதான் சாவியைப் போட வேண்டும். பயந்துபோன ஆள் கதவு பாதி திறந்ததுமே வெளியே குதித்துவிடுவார், அப்படித்தான் உயிர் போகும்.

"உள்ள இருக்கறவங்க பயப்படாதீங்க. நான் லிஃப்ட்காரன். வெளியிலதான் நிக்கறேன். ஒண்ணும் ஆகாது" என்றார்.

"நான் பயப்படலைங்க. உங்க குரல்தான் நடுங்குது. மெதுவா பாருங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அந்தக் குரலுக்கே அவர் விழுந்துவிட்டார், முகத்தைப் பிறகுதான் பார்த்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு விடுமுறை கிடைக்கும் நாட்களில் மேட்னி ஷோ போவார்கள். படத்தைத் தேர்ந்தெடுப்பது அவள். ஊரில் பேய்ப்படம் ஓடினால் வேறு படத்தின் போஸ்டரைக்கூடப் பார்க்கமாட்டாள். பயங்கரமான கட்டம் வந்தால் மற்றவர்கள் தங்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவள் தன் கண்ணை மூடியதே இல்லை. வலது கையை நீட்டிப் புருஷன் கண்ணைப் பொத்திவிட்டு, தான் மட்டும் இமைக்காமல் முழுசாகப் பார்ப்பாள். பிறகு, "போயிடுச்சு, பாருங்க" என்று கையை எடுப்பாள். எத்தனையோ படங்களின் முக்கியமான கட்டங்களில் லிஃப்ட்காரர் கண்டதெல்லாம் ஆஸ்பத்திரி சோப்பு வாசமடிக்கும் ஒரு உள்ளங்கையைத்தான். முப்பத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மறதி வந்தது. தையல் போடுவதற்கு முன்னால் கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சரிபார்த்தவள், வீட்டில் ஆறு கரண்டியை எண்ண முடியாமல் திணறினாள். முதலில் மகளின் பெயர் போனது, பிறகு தம்பியின் முகம். ஒருநாள் காலையில் "என்னங்க" என்ற அழைப்பும் நின்றது. அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். அந்த மரியாதையான பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு மத்தியானம் சேனலை மாற்றிக்கொண்டு வந்தபோது ஏதோ ஒரு பழைய பேய்ப்படம் வந்தது. ரிமோட்டை அழுத்துவதற்குள் திரையில் அலமாரிக் கதவு திறந்துகொண்டது. லிஃப்ட்காரர் துள்ளி விழுந்தார். இடது பக்கமிருந்து ஒரு கை வந்து அவர் கண்ணைப் பொத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, "போயிடுச்சு, பாருங்க" என்றது குரல். கை விலகியபோது திரையில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வேறு ஊரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னார். அவளோ ஆறு மாதமாக ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தவள்.

"அப்பா, இங்க ஒரு நல்ல இல்லம் பார்த்து வச்சிருக்கேன். இருபத்திநாலு மணி நேரமும் ஆள் இருப்பாங்க. அம்மாவுக்கு உங்களையே தெரியலைங்கறப்போ, வீட்டுல வச்சுக்கிட்டு எதுக்குப்பா ரெண்டு பேரும் கஷ்டப்படணும்?"

"தெரியுதும்மா. தெரியாத ஆளு கண்ணை யாராவது பொத்துவாங்களா?"

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "சரி. அடுத்த மாசக் கடைசியில எனக்கு லீவு. வந்து என் கண்ணால பார்க்கறேன். அந்தக் கை வந்துச்சுன்னா அம்மா அங்கயே இருக்கட்டும். வரலைன்னா நான் சொல்றதை நீங்க கேக்கணும். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் அதே படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டார். அலமாரி திறந்தது. கை வரவில்லை. மூன்று தடவை போட்டும் வரவில்லை. மறதிக்காரிக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் படம்தானே, பிறகு ஏன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. படத்துக்காக அந்தக் கை வரவில்லை. அவர் பயந்தால்தான் வருகிறது. தெரிந்த அலமாரிக்கு அவர் எங்கே பயந்தார்?

நடித்துப் பார்த்தார். "ஐயோ!" என்று கத்தினார், நாற்காலியில் நெளிந்தார். முப்பது வருஷம் நோயாளிகளின் நாடி பிடித்தவளிடம் இந்த வேஷம் எடுபடுமா? ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "வயிறு சரியில்லையா?" என்று கேட்டதோடு சரி.

ஆகவே அவரை நிஜமாகப் பயமுறுத்தும் படம் வேண்டும். அதை முன்கூட்டிப் பார்த்துச் சோதிக்கவும் முடியாது, பார்த்துவிட்டால் பயம் போய்விடும். பெரிய கோழைக்குப் படம் கிடைப்பதா கஷ்டம் என்று தோன்றலாம். ஆனால் இன்றைக்கு வருகிற படங்களின் லட்சணம் அப்படி. படம் பார்த்துச் சொல்லும் பொறுப்பு மச்சினனிடம் வந்தது. அவன் சாயங்கால ஷிப்ட் பஸ் டிரைவர். காலையில் லிஃப்ட்காரர் வேலைக்குப் போனதும் அக்காவுக்குத் துணையாக இருக்கிறவன். அவன் கொண்டுவந்து குவித்ததெல்லாம் கோடாலி, ரம்பம், முகமூடி.

"இதுல பதினாலு கொலை மாமா! சும்மா ரத்தம் பீச்சி அடிக்கும்!" என்றான் பெருமையாக.

போட்டார்கள். பதினாலு பேரும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியது போல ஒவ்வொருவராகச் செத்தார்கள். அடுத்தது யார் என்று லிஃப்ட்காரருக்கே தெரிந்துவிட்டது. ஏழாவது கொலையின்போது அவர் கொட்டாவி விட்டார். ஒன்பதாவது ஆள் கழுத்தறுபட்டுப் படியேறி ஓடியபோது, அதுவரை வாயே திறக்காத சிஸ்டர் பேசினாள்.

"அங்க வெட்டினா நாலு அடிகூட எடுத்து வைக்க முடியாது. படியேறுதாம்."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். லிஃப்ட்காரரும் சிரித்தார். ஆனால் கை வரவில்லை, காலண்டரில் ஒரு வாரம் போயிருந்தது.

லிஃப்ட்காரர் தொழிலை வைத்து யோசித்தார். மாட்டிக்கொண்டவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? லிஃப்ட் குலுங்கி நிற்கும்போது யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை, திட்டுவார்கள். பத்து நிமிஷம் கழித்து, மணியை அழுத்தியும் எந்தச் சத்தமும் கேட்காமல், தான் உள்ளே இருப்பது வெளியில் ஒருவருக்கும் தெரியாது என்று தோன்றுகிறது பாருங்கள், அப்போதுதான் தைரியசாலி ஆம்பிளைகளே கதவைப் பிறாண்டுவார்கள்.

"வெட்டுக்குத்து வேண்டாம்ப்பா. ஒண்ணுமே நடக்காத படமா பாரு. ஆனா பார்த்துட்டு நீ வீட்டுல எல்லா லைட்டையும் போடணும். கதையை மட்டும் எங்கிட்ட சொல்லாத" என்றார்.

மச்சினன் பாவம், அக்காவுக்காக மாய்ந்து மாய்ந்து தேடினான். ஒரு படத்தில் காலியான வராந்தாவை மட்டும் பதினைந்து நிமிஷம் காட்டினார்கள். லிஃப்ட்காரர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இடது பக்கம் கை எழுந்தது, பாதி தூரம் வந்தது, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மடிக்கே திரும்பியது. அந்தப் பாதிக் கையை நம்பி அவர் மூன்று வாரம் ஓட்டினார். அடுத்த படத்தில் விரல் மட்டும் அசைந்தது. அதற்கடுத்த படத்தில் அதுவும் இல்லை.

மகள் வருவதற்கு முதல்நாள் மச்சினன் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, இதுதான். ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. ரெண்டு நாளா எனக்குச் சரியா சாப்பாடு இறங்கலை. கதை சொல்ல மாட்டேன், நீங்கதானே சொல்லக்கூடாதுன்னீங்க. ஆனா..." என்று இழுத்தான்.

"ஆனாவெல்லாம் வேண்டாம். பயமா இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு மாமா."

"அது போதும்."

சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். லிஃப்ட்காரர் வழக்கம்போல வலது பக்கம், சிஸ்டர் இடது பக்கம். மகள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

படத்தில் ஒரு வீடு. ஒரு பெண் சாப்பாட்டு மேஜையில் தட்டுகள் வைக்கிறாள். வீட்டில் நாலு பேர், ஆனால் மேஜையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் சாதாரணமாகச் சாப்பிடுகிறார், தண்ணீர் கேட்கிறார். மற்றவர்கள் அவரோடு சிரித்துப் பேசுகிறார்கள். யார் இவர் என்று அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. மறுநாள் அந்த ஆள் சோபாவில் இருக்கிறார். அதற்கு மறுநாள் அவளுடைய கட்டிலில் உட்கார்ந்து, அன்பாகச் சிரித்து, பக்கத்தில் வரச் சொல்கிறார். அவர் ஒரு கெடுதலும் செய்யவில்லை, இருக்கிறார், அவ்வளவுதான்.

லிஃப்ட்காரருக்கு மெல்ல விளங்கியது. நாலு வருஷமாகத் தன் வீட்டில் யார் அந்த ஐந்தாவது ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு பயம் அவர் வாழ்நாளில் பட்டதில்லை. கண்ணை மூடக்கூடத் தோன்றாமல் அந்தக் கைக்காகக் காத்திருந்தார். இப்போது வராவிட்டால் வேறு எப்போது வரும்?

இடது பக்கம் அசைவு தெரிந்தது. ஆசையோடு திரும்பினார்.

சிஸ்டர் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பை நாற்காலியின் அந்த ஓரத்துக்கு ஒடுக்கிக்கொண்டிருந்தாள். கை எழுந்தது, இரண்டு கையுமே எழுந்தன. வாழ்நாளில் எதற்கும் கண்ணை மூடாதவள், தன் கண்களை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, நிறுத்துங்கப்பா" என்றாள் மகள்.

நிறுத்தினார். ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் வரவைத்தார். கை இறங்கவில்லை. பக்கத்தில் போனால் உடம்பு இன்னும் ஒடுங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர், கடைசியில் தெரிந்த ஒன்றைச் செய்தார். அறையை விட்டு வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் வாயை வைத்துப் பேசினார்.

"உள்ள இருக்கறவங்க பயப்படாதீங்க. நான் லிஃப்ட்காரன். வெளியிலதான் நிக்கறேன். ஒண்ணும் ஆகாது."

அவர் கைப்பிடியைத் தொடாமல் நின்றார். பிறகு அந்தப் பழைய குரல் கேட்டது, இப்போது நடுக்கம் அதில் இருந்தது.

"இங்க ஒரு ஆள் இருந்தாரு. போயிட்டாரா?"

லிஃப்ட்காரர் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார்.

"போயிட்டாருங்க. இனிமே வர மாட்டாரு" என்றார்.

உள்ளே அவள் கையைக் கீழே இறக்கிவிட்டாள் என்று மகள் வந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், உள்ளே போகவில்லை. எந்தத் தேதியில் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று மட்டும் கேட்டார்.