எங்கள் ஊராட்சியை நகராட்சியில் சேர்த்தபோது

குழாயில் தண்ணீர் வந்தால் தலைவருக்குப் பேர், வராவிட்டால் நமக்குத் திட்டு; ஊராட்சிச் செயலர் வேலை இவ்வளவுதான் என்று உங்களுக்கே தெரியும், சக செயலர்களே. ஆனால் ஊராட்சியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எந்தப் பயிற்சியிலும் நமக்குச் சொல்லித் தரவில்லை. திருவிடந்தைக்குத் தெற்கே கடலோரம் இருக்கிற எங்கள் ஊரைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து நடந்தவை இவை.

கடலோர வார்டு

எங்கள் கடைசி வார்டில் பாதித் தெருவைக் கடல் கொண்டுபோய்விட்டது. குடும்பங்கள் உள்ளே தள்ளி வாடகைக்குப் போய்விட்டன. ஓட்டு மட்டும் பழைய முகவரியிலேயே இருக்கிறது. அந்த வார்டு உறுப்பினர் செல்வி, மீன் விற்பவர்.

இணைப்பு பற்றிப் பேசக் கிராம சபை கூட்டினோம். செல்வி உச்சி வெயிலில் என்னையும் கூட்டிக்கொண்டுபோய், இடிந்த வாசல் ஒவ்வொன்றிலும் நின்று, "கூட்டத்துக்கு வந்துடுங்க" என்று அழைத்தார். ஒரு வீட்டுக்குள்ளிருந்து "வர்றோம்" என்று குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். பின்சுவர் இல்லை, அலை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை. செல்வி அடுத்த வாசலுக்கு நடந்தபடியே சொன்னார்: "ஓட்டு இங்கதான சார் கீது. ஆளு மட்டும் எங்க பூடும்?"

கை தூக்கியவர்கள்

பள்ளிக்கூடத்தில் கூட்டம். நகராட்சியோடு சேர விருப்பமில்லை என்ற தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர் ஏழுமலை. எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். உட்கார்ந்திருந்த தலைகளைவிடக் கைகள் அதிகம். ஆளுக்கு ஒரு கைதான் என்று மைக்கில் சொல்லியும் குறையவில்லை. பின்வரிசைக் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்திருந்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த வட்டார அலுவலர் அதைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார். "எண்ணிக்கை போடாதய்யா. ஏகமனதாகன்னு எழுதிட்டு எழுந்துரு."

சாவி

தீர்மானம் போன இடம் தெரியவில்லை. ஒரு காலை நகராட்சி அதிகாரி வந்து முத்திரையையும் அலுவலகச் சாவியையும் கேட்டார். ஏழுமலை வேர்க்கடலை போடுகிற குடும்பம். யாரையும் அதட்டிப் பேசியவர் இல்லை. சாவியைக் கொடுத்த பிறகும் கை நீட்டியபடியே நின்றார். "ஊரே வேணாம்னு கை தூக்குச்சு சார். எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். அதிகாரிக்குக் கோபமெல்லாம் வரவில்லை. "கேட்டா வேணாம்னுதான சொல்லுவீங்க, அதான் கேக்கல."

நாற்காலி

என்னை நகராட்சிக்கே மாற்றினார்கள். எங்கள் ஊருக்கு இன்னும் தேர்தல் வைக்கவில்லை. அதனால் கவுன்சிலரும் இல்லை. மன்றக் கூடத்தில் எங்களுக்கென்று ஒரு நாற்காலி மட்டும் போட்டிருக்கிறார்கள், முன்னால் எழுத்தில்லாத பெயர்ப்பலகையுடன்.

ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு உள்ளே போய் அந்த இருக்கையில் கை வைத்தேன். யாரோ அப்போதுதான் எழுந்து போனது மாதிரி சூடாக இருந்தது. கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மாவிடம் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. "உங்க ஊரு மெம்பரு தான் சார். ஆள நான் பாத்ததில்ல. வெக்கிற தண்ணி மட்டும் தீந்துடுது."

எனவே, எங்கள் ஊருக்கு மன்றத்தில் பிரதிநிதி இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது, கண்ணுக்குத்தான் தெரிய மாட்டேன் என்கிறார்.