இரண்டு நிமிட இடைவெளி

தக்காளி வடிவத்தில் ஒரு சமையலறை மணிக்கூடு. முட்டை அவிக்கும்போது திருகி வைப்பது. பச்சைக் காம்பு எப்போதோ உடைந்துபோக, அந்த இடத்தில் ஒரு ஆணி செருகியிருந்தது. எங்கள் சலவைக்கூடத்து மேசையில் அதை வைத்துக்கொண்டு, வானொலி அறிவிப்பாளர் ஒருவர் எத்தனை நிமிடம் விடாமல் பேசுகிறார் என்று டோன்யா அளந்ததை முதல்தடவை பார்த்தபோது, இந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டோன்யா என்பது அவருடைய பெயரல்ல. மெக்சிகோவில் வயதில் மூத்த பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். வாரநாட்களில் ஒஸ்லோ விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இயந்திரத்துக்கு அவர் பொறுப்பு. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிநேரம், பல சமூகங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு சிறு வானொலியில், வட மெக்சிகோவின் அக்கார்டியன் பாட்டுகளைப் போட்டு ஸ்பானிஷில் பேசுவார். எனக்கு ஸ்பானிஷ் தெரிந்ததால்தான் நாங்கள் நெருக்கமானோம். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்தது. அதோடு படிப்பு முடிந்தது. பிறகு கனடாவுக்கென்று புறப்பட்டவன், கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் பாதிவழியில் கைவிட்டதில் மெக்சிகோவின் தெற்கு எல்லையில் இரண்டு வருடம் நின்றேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்துப் படித்த மொழி அது. பின்னர் இன்னும் நான்கு நாடு சுற்றி இங்கே வந்து சேர்ந்தேன். டோன்யா என்னோடு பேசியது ஸ்பானிஷ்தான். என் நினைவில் அதெல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டது.

அந்த மாரியில் அவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. இரண்டு மாதம் எழும்ப முடியாது. அந்த வானொலியில் ஒருவருடைய நேரம் சும்மா கிடந்தால், காத்திருக்கும் இன்னொரு சமூகத்துக்குப் போய்விடும். பதினொரு வருடம் அவர் பிடித்து வைத்திருந்த நேரம். ஆகவே தயார் நிகழ்ச்சி ஒன்றை எடுப்பதென்று தீர்மானித்தார். மெக்சிகோவிலுள்ள நிறுவனங்கள் பாட்டும் பேச்சும் சேர்த்து ஒரே நிகழ்ச்சியாகச் செய்து, பல ஊர் நிலையங்களுக்கும் அனுப்புவதுண்டு. மூன்று நிறுவனங்கள் ஒரு மாதம் சோதனைக்குத் தரச் சம்மதித்தன. அவர் இல்லாத நாட்களில் நிலையத்தில் இருந்து பொத்தானை அமர்த்த வேண்டியவன் நான்.

அவர் நிகழ்ச்சி தெரிவுசெய்த விதத்தை எந்தப் படித்தவனும் செய்திருக்க மாட்டான். சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் பெண்களில் பாதிப்பேர் தென்னமெரிக்கப் பக்கத்தவர்கள். அவர்களுக்குச் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்றார் என்னிடம். முதலாவது, புகழ்பெற்ற ஓர் அறிவிப்பாளருடையது. அவன் கத்திச் சிரிக்கச் சிரிக்கக் கைகள் வேகமெடுத்தன. இரண்டாவது, குடும்பப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை. யாரோ ஒருத்தியின் கணவன் ஓடிப்போன கட்டம் வந்ததும் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. வேலையை நிறுத்துகிற நிகழ்ச்சி வேலைசெய்கிறவர்களுக்கு ஆகாது என்று அதைத் தள்ளிவிட்டார். மூன்றாவது, ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து வந்தது. ஒரு கிழவர் பாட்டுக்குப் பாட்டு இரண்டு சொல் சொல்வார். கால் மணிக்கொரு தடவை பேச்சே இல்லாமல் வெறும் அக்கார்டியன் ஓடும். டோன்யா மணிக்கூட்டைத் திருகிப் பார்த்தார். சரியாக இரண்டு நிமிடம். உள்ளூர் விளம்பரத்துக்கு விட்ட இடமாம். எங்களுக்கு ஏது விளம்பரம்? இது முழுக்க ஓட்டை, முதலாவதுதான் நல்லது என்றேன் நான். பொத்தானுக்கு முன்னால் இருக்கப்போகிறவன் நீ, உன் விருப்பம் என்று விட்டுவிட்டார்.

முதல் சனிக்கிழமை நிலையத்தின் ஜன்னலில் பனி அப்பிக் கிடந்தது. புகழ்பெற்றவன், எந்தக் கோடையில் பதிவுசெய்ததோ, இன்றைக்குத் தகிக்கிற வெயில், ஐஸ்கட்டி வாங்கி வையுங்கள் என்றான். கேட்டுச் சிரித்தேன். ஆனால் மூன்று மணிநேரமும் தொலைபேசியின் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட மினுங்கவில்லை. டோன்யா இருந்தால் அது ஓயாது. இன்னாருக்கு வாழ்த்து, இன்ன பாட்டு என்று ஆட்கள் கேட்டபடி இருப்பார்கள். அந்தப் பாட்டுகளைக் கேட்பவர்களுக்கு, பாட்டில் பாதி தங்கள் பெயர் வருமா என்று காத்திருப்பதுதான். இரண்டாவது சனியும் அப்படியே போனது. நேரத்தைப் பங்கிடும் நோர்வேஜியப் பெண்மணி எட்டிப் பார்த்து, கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று அன்பாகத்தான் கேட்டார். மாத முடிவில் கூட்டம் இருப்பதையும் சொன்னார்.

வைத்தியசாலைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். டோன்யா கோபிக்கவில்லை.

"கடையைப் பூட்டி வைச்சிட்டு, ஏன் ஒருத்தரும் வரேல்லை எண்டு கேக்கிறாய். மற்றதைப் போடு. அந்த ரெண்டு நிமிசத்துக்கை நீ வாழ்த்து வாசி."

என் ஸ்பானிஷைக் கேட்டால் வெங்காயம் மணக்கும் என்றேன். அவர்களும் வெங்காயம் உரித்தவர்கள்தான் என்று சொல்லி, கட்டிலடிப் பையிலிருந்து தக்காளி மணிக்கூட்டை எடுத்துத் தந்தார். நேராக இரண்டில் வைத்தால் மணி அடிக்காது, முழுச்சுற்றுத் திருகிப் பிறகு இரண்டுக்குக் கொண்டுவா என்றார்.

என்னுடைய வானொலி அனுபவத்தை இங்கே சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு தமிழ் வானொலியில் இரண்டு வருடம் மரண அறிவித்தல் வாசித்திருந்தேன். பிறந்த இடம், வசித்த இடம், இன்னாரின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு சகோதரர், மைத்துனர், மாமனார் என்று ஒருவரையும் விடாமல், நிறுத்தி நிறுத்தி வாசிப்பது. ஒலிவாங்கியின் முன்னால் எனக்கு வேறு குரல் கிடையாது. மூன்றாவது சனி கிழவரின் நிகழ்ச்சியைப் போட்டேன். திராமன் என்ற ஊரில் இருக்கும் ஒருவருக்கு அன்று ஐம்பதாவது பிறந்தநாள். அவர் மனைவியிடம் உறவுகளின் பெயரெல்லாம் கேட்டு எழுதி, மெல்லிய அக்கார்டியனின் மேலே நான் அறிந்த முறைப்படி வாசித்தேன். மணி அடிக்கவும் முடிக்கவும் சரியாக இருந்தது. உடனே சிவப்பு விளக்கு மினுங்கியது. ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து அவருடைய தங்கை. அண்ணன் எத்தனை மணிக்குப் போனவர் என்று கேட்டு அழுதாள். நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் அடுத்த விளக்கு. இம்முறை அவரே.

"தம்பி, நான் இன்னும் கேக் வெட்டேல்லை. அதுக்குள்ளை புதைச்சிட்டியள்."

அடுத்த இடைவெளியில், அவர் உயிரோடு இருக்கிறார், கேக்கும் இருக்கிறது என்று அறிவித்தேன். வீட்டுக்குப் போனபோது என் மனைவி கதவைத் திறந்தபடியே சொன்னாள்: "ஸ்பானிஷ் எனக்கு விளங்கேல்லை. ஆனால் ஆரோ செத்திட்டினம் எண்டு மட்டும் நல்லா விளங்கிச்சு."

அடுத்த சனி எல்லாம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டுதான் போனேன். முதல் இடைவெளிக்கு முன்பே விளக்கு மினுங்கியது. ஒரு கிழவி. அந்தத் திராமன்காரனுக்கு வாசித்ததுபோல் என் மகளுக்கும் வாசிக்க வேண்டும், ஒரு பெயரும் விடக்கூடாது என்றாள். பிறகு வரிசையாக வந்தார்கள். அம்மருட்டிலிருந்து ஒருத்தி இருபத்திரண்டு பெயர் தந்தாள், அதில் பதினேழு பேர் கடலுக்கு அப்பால். வருடக்கணக்காகப் பார்க்காத தாயின் பெயரை ஒஸ்லோவின் காற்றில் ஒருவன் சத்தமாகச் சொல்வதைக் கேட்க அவர்களுக்கு விருப்பமாக இருந்தது. அது எனக்குப் புதினமாகப் படவில்லை. நோர்வேஜியப் பெண்மணி விளக்கு ஓயாமல் மினுங்குவதை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். கூட்டத்தில் எங்கள் நேரத்தைப் பற்றிய பேச்சே எழவில்லையாம்.

டோன்யா பொல்லு ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார். கிழவரின் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, என்னையும் இடைவெளியிலிருந்து எழுப்பவில்லை. நான்கு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஓய்வுபெற்று, மெக்சிகோவில் தங்கையிடம் போய்விட்டார். இங்கே மத்தியானம் என்றால் அங்கே விடியற்காலை. அவர் எழும்பி, காப்பி போட்டு, இணையத்தில் கேட்கிறார். நான் ஒரு பெயரைப் பிழையாகச் சொன்னால் அடுத்த பாட்டுக்குள் செய்தி வந்துவிடும்.

போன சனி அவருடைய பிறந்தநாள். பட்டியலைத் தன் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தார். தக்காளியை முழுச்சுற்றுத் திருகி, இரண்டுக்குக் கொண்டுவந்து, வாசிக்கத் தொடங்கினேன். தாய், தகப்பன், தங்கை, தங்கையின் பிள்ளைகள், சலவைக்கூடத்துப் பெண்கள். கடைசி வரியை நான் முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. "ஒஸ்லோவில் உயிரோடிருக்கும் ஆட்களைச் சாகடித்துவரும் என் தம்பி" என்று எழுதி, என் முழுப் பெயரையும், என் அம்மாவின் பெயரையும் சேர்த்திருந்தார். அம்மாவின் பெயரை எப்போதோ ஒருமுறைதான் அவரிடம் சொல்லியிருப்பேன். அதை முதலில் எனக்குள் வாசித்துப் பார்த்தேன். மணி அடித்தது. அக்கார்டியன் முடிந்து கிழவர் பேசத் தொடங்கிவிட்டார். அவருடைய குரலைக் குறைத்துவிட்டு, அந்த வரியை நிறுத்தி நிறுத்தி, முறைப்படி வாசித்து முடித்தேன்.