சம்பளம் வாங்காத வாச்சர்

தொண்ணூறுகளின் கடைசியில், பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. சனிக்கிழமை மாலை லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும் அந்த வீட்டு ஜன்னலில் தொங்குவோம். முதுகில் துணி பறக்க ஒருவன் வானத்திலிருந்து இறங்குவான். வெளிநாட்டுக்காரன், ஆனால் பேசுவது சிங்களம். கள்ளனைப் பிடித்ததும் "ஹொரா" என்று கத்துவான்; கள்ளன் என்பதற்குச் சிங்களச் சொல். நாங்களும் கூடக் கத்துவோம். கொழுந்து எடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்குத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு நான் தண்ணீர்க் கான்களைத் தாண்டிக் குதித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, மழையில் முறிந்து விழுந்த கிளையை அம்மா விறகுக்குச் சுமந்து வந்தார். தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர் வழிமறித்தார். "ஹொரா." அதே சொல். எதிரே நிற்பது பெண் என்றுகூடப் பார்க்கவில்லை. விறகைப் பறித்துக்கொண்டார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் அம்மாவின் பெயரைக் கூப்பிடவில்லை. பெயர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை, அப்பா இல்லாத எங்கள் வீட்டில் சோறும் இல்லை. கேட்டதற்கு, "தொரை சொல்லணும்" என்றார் கணக்கப்பிள்ளை. தோட்டத்து மேனேஜர்தான் தொரை.

அன்று மாலை என்னைக் கூப்பிட வந்த அம்மாவும் ஜன்னலருகே நின்றார். டிவியில், பணக்காரன் ஒருவனின் கிடங்கிலிருந்து மூட்டையோடு ஓடியவனைப் பறந்து வந்தவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான்.

"இவரு எந்தத் தோட்டத்து வாச்சரு?" என்று அம்மா கேட்டார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். "வாச்சரு இல்லம்மா. எல்லாரையும் காப்பாத்துறவரு" என்றேன்.

"மூட்டையத்தானே காப்பாத்துனாரு. தூக்குனவன் சாப்புட்டானான்னு கேட்டாரா?"

மலையையே தூக்குகிறவன் ஒரு லயத்தின் ஓட்டைத் தகரத்தையாவது மாற்றியிருக்கிறானா? பெட்டகத்தை யாராவது உடைத்தால் ஓடி வருவான். அது எப்படி நிறைந்தது என்று ஒருநாளும் கேட்க மாட்டான். காலையில் இருந்த உலகம் மாலையிலும் அப்படியே இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. இதற்கு நீதி என்று பெயர் வேறு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகாமல் நானும் பெரட்டுக்களத்தில் நின்றேன். அம்மாவோடு கொழுந்து எடுக்கும் பெண்கள், தங்கள் பெயரைக் கூப்பிட்டும் மலைக்கு ஏறவில்லை. இடுப்பில் கட்டிய படங்கோடு அப்படியே நின்றார்கள்.

"அவ பேரையும் கூப்புடுங்க, போறோம்."

வெயில் ஏறியது. தொரையின் ஜீப் வந்தது, கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனது. அதன் பிறகு அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். வானத்திலிருந்து யாரும் இறங்கவில்லை.

அம்மா அப்போதும் நகரவில்லை. வாச்சரைப் பார்த்து, "என் வெறகு எங்கங்க?" என்றார்.

வாச்சரின் பார்வை தொரை பங்களாவின் பக்கம் போனது. அங்கே குசினி அடுப்பின் புகை கூரைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த ஜன்னலுக்குப் போகவில்லை. வானத்திலேயே திரிகிறவனுக்கு அந்தப் புகை தெரியாமலா இருந்திருக்கும்?