சரிவில் நின்ற ராணியும் தாவூது பாயின் விரலும்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தாவூது பாய் ஜுரத்தில் இறந்துபோய்விட்டார் என்று ஆள் ஓடிவந்தபோது, நான் ஆம்பூர் வண்டிப்பேட்டையில் நின்று, அவர் தன் வண்டியில் ஆணி அடித்துப் பொருத்திய பலகையை நான் பொருத்தியதாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர்களே, நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்கு வாய் நீளம். உங்களுக்கு ஞாபகம் குட்டை.

பாய் ஓட்டியது தோல்மண்டி முதலாளியின் சாமான் வண்டி. அதை இழுத்த குதிரை ராணி, ஆற்றங்கரைச் சரிவில் இறங்கும்போது சில நாள் அசையாமல் நின்றுவிடுவாள். சண்டி என்று பெயர் வைத்தோம். பின்னால் வண்டிகளில் நின்ற நாம் இறங்கிப்போய் ஆளுக்கொரு சவுக்கடி கொடுத்தோம். என் அடி சத்தமாக விழுந்தது.

பாய் அடிக்கவில்லை. பார்த்தார். பதனிட்ட தோல் ஏற்றினால் ராணி சரிவிலும் போனாள். உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றினால் சமதரையில் போனாள். பச்சைத்தோலும் சரிவும் சேர்ந்தால் மட்டும் நின்றாள்.

"அது நின்னா காரணம் இருக்கும் அந்தோணி. நீ நின்னாத்தான் காரணம் இருக்காது" என்றார்.

ஒருநாள் அவள் நின்றதும் இறங்கினார். அவள் பின்தொடையைச் சுற்றிய வார்ப்பட்டையில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"இன்னா பாய், சட்னி ருசி பாக்குறீங்களா?" என்றேன்.

"உப்புடா. நீயும் நக்கு."

சரிவில் வண்டி முன்னே சாயும்போது தோலின் உப்புநீர் வழிந்து பட்டையில் ஊறியிருக்கிறது. பட்டைக்கு அடியில் புண். அந்தப் புண்ணின் மேல்தான் நாம் சவுக்கால் அடித்திருக்கிறோம். பாய் வண்டியின் முன்பக்கத்தைப் பலகையால் அடைத்தார். புண்ணுக்கு எண்ணெய் போட்டார். அப்புறம் ராணி நிற்கவே இல்லை.

அவரை அடக்கம் செய்த மறுநாளே முதலாளி பலகையைப் பிடுங்கினார். "இது இருந்தா ரெண்டு தோல் கம்மியா புடிக்குது." சில நாளில் புண் திரும்பியது, ராணி நின்றாள். "சண்டி. தோலுக்குத் தள்ளிடுங்க" என்றார். எட்டு வருஷம் தோல் இழுத்தவள் கடைசியில் தோலாக வேண்டுமாம்! காரணம் தெரிந்த நீங்கள் அத்தனை பேரும் சவுக்கு நுனியில் முடிச்சு எண்ணிக்கொண்டிருந்தீர்கள். பாய் இருந்திருந்தால் உங்கள் வாய்க்குத்தான் முதலில் கடிவாளத்தைக் கழற்றியிருப்பார்.

நான் ராணியிடம் போனேன். பட்டையில் விரலைத் தேய்த்து முதலாளி முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நக்கிப் பாருங்க மொதலாளி."

"இன்னா, திமிரா?"

"நக்க மாட்டீங்கன்னா பலகையக் குடுங்க."

அவர் என் விரலைப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார். "எடுத்துத் தொலை. இனிமே அந்தச் சண்டிய நீயே ஓட்டு."

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பலகையை அடித்தவர் தாவூது பாய். ஆணியைத் திரும்ப அறைந்தது மட்டும் நான்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது, சவுக்குக்கு முன்னால் விரல் போகிற பழக்கம். நேற்று ராணி சரிவில் நின்றாள். இறங்கி, பட்டையில் விரலைத் தேய்த்து நக்கினேன். உப்பு இல்லை. அச்சுக்குப் போடுகிற வண்டி மை. பல் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.