ஆறு மணி, ரெண்டே நிமிஷம்

எங்கள் தெருமுனை லாண்டரிக்காரி தேய்த்த சட்டையில் கொசு உட்கார்ந்தால் வழுக்கி விழும். அவள் வைத்த காலர் மடிப்பில் என் மருமகன் ஒருமுறை கழுத்தை அறுத்துக்கொண்டான். அவன் இல்லை என்பான். அவன் எதைத்தான் ஒத்துக்கொண்டான்?

மார்பில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது, புற்றுநோய்தான், மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் அவளிடம் மெல்ல மெல்லச் சொல்லி முடித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"எந்தக் கிழமை, டாக்டர்?"

"வியாழன்."

"அப்ப சனிக்கிழமை படுத்திருப்பேன்." முகம் அப்போதுதான் சுருங்கியது.

காரணம் உண்டு. அடுத்த தெரு விடுதியிலிருந்து வாரம் நாற்பது படுக்கை விரிப்பு வரும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திருப்பித் தர வேண்டும். கடை வாடகை நிற்பதே அந்த விரிப்புகளின் மேல்தான். அது போனால் கடை போகும். பஸ் டிரைவரான புருஷனின் ஒற்றைச் சம்பளத்தில் வீட்டுக்கும் மாத்திரைக்கும் இழுபறி.

ஊரார் போய்ச் சொல்வதற்கு முன்னால் விடுதி மேலாளரிடம் அவளே போய்விட்டாள்.

"எனக்குப் புற்றுநோய் சார். சனிக்கிழமைக்குப் பதிலா புதன்கிழமை தரட்டுமா? புதன்னா தெம்பா இருப்பேன்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "சரிம்மா. ஆனா ஒரு வாரம் தவறினாலும் வேற கடைக்குத்தான் போகணும். என் மேலயும் ஆள் இருக்காங்க."

அடுத்து ஆஸ்பத்திரியின் உதவி மேசை. அங்கிருந்த அம்மாள் இலவசப் பயணச் சீட்டுக்கும் மருந்துச் சலுகைக்கும் கையெழுத்து வாங்கினாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் ஆறு மாதம் பாதி வாடகை, மீதி பிறகு என்று பேசச் சொன்னாள். இவளும் பேசினாள், கிடைத்தது. "கூச்சப்பட்டு வாயை மூடிட்டிருந்தா எல்லாரும் நான் வசதியா இருக்கேன்னுல்ல நெனச்சிருப்பாங்க!" என்றாள் என்னிடம்.

மருந்து ஏறியதும் நாக்கில் செப்புக் காசைச் சப்பியது போல ஒரு ருசி. ஸ்டீல் கரண்டியைத் தள்ளிவிட்டு மரக் கரண்டியில் சாப்பிட்டாள். விரல் நுனி மரத்துப்போனது. இஸ்திரிப் பெட்டியின் சூடு தெரியவில்லை. காலை ஷிப்ட் முடிந்து வந்த டிரைவர் பெட்டியைப் பிடித்தார். முதல் நாளே ஒரு தலையணை உறை கருகியது.

"வளைவு வந்தா அழுத்திப் பிடிச்சே பழக்கம்" என்றார்.

"இது மலைப்பாதை இல்லங்க, தலையணை!"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மடிப்பாள். புதன்கிழமை கடையின் பழைய வேனில் அவர் பக்கத்தில் ஏறி, விரிப்புகளை அவளே கையில் கொடுத்துவிட்டு வருவாள். இரண்டு சுற்று இப்படி ஓடியது.

மூன்றாவது சுற்றுக்கு முன் ரத்த அணுக்கள் குறைந்துவிட்டன என்று மருந்தை அடுத்த செவ்வாய்க்குத் தள்ளினார்கள். புதன்கிழமை அவள் வாளியும் கையுமாகக் கட்டிலில். டிரைவர் முதன்முறையாகத் தனியே கிளம்பினார்.

ஆறு பத்துக்கு மேலாளரின் போன்.

"ஏம்மா, விரிப்பு வரலையே! ஏழு மணிக்கு இருபது பேர் வர்றாங்க. தவறாதுன்னு சொன்னீங்களே?"

புருஷனை அழைத்தாள்.

"ஏங்க, விடுதிக்குப் போகலையா?"

"போனேனே. ஆறுன்னா ஆறு. ரெண்டு ஹார்ன் அடிச்சேன், ரெண்டு நிமிஷம் நின்னேன். யாரும் வரலை. வண்டியை எடுத்துட்டேன்."

"அது பஸ் இல்லங்க, பெட்ஷீட்டு! திரும்புங்க."

"ரூட் நடுவுலயா? இன்னும் மூணு வீட்டுத் துணி கொடுக்கணும். அவங்க வாசல்ல நிப்பாங்க இல்ல? திரும்பற ட்ரிப்புல ஆறு இருபத்தஞ்சுக்கு அந்தப் பக்கம்தான்."

அவள் சிரித்தாள். சிரித்ததில் வாளியை இழுக்க வேண்டியதாயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், ஆறு மணிக்கு எங்க ஆள் உங்க வாசல்ல நின்னார். உங்க ஆள் இல்லை. ஆறு இருபத்தஞ்சுக்கு மறுபடி வருவார், ரெண்டு நிமிஷம் நிப்பார். இருபது வருஷமா ஒரு நிமிஷம் பிந்தாத மனுஷன். நான் எழுந்து நின்னாலும் படுத்துக் கிடந்தாலும் இனி இதுதான் நேரம். இப்படி ஒரு கடை வேற எங்க கிடைக்கும், சொல்லுங்க?"

மேலாளர், "நானே நிக்கறேன்" என்றார்.

நின்றார், கையில் கடிகாரத்தோடு. ஆறு இருபத்தைந்துக்கு வேன் வந்தது. அன்றுமுதல் எங்கள் தெருவிளக்கே அந்த வேனைப் பார்த்துத்தான் எரிகிறது. நான் உட்பட எல்லோரும் மூட்டையோடு வாசலில் நிற்கிறோம். ஒரு நாள் நான் கண்ணாடி தேடிக்கொண்டிருந்ததில் என் புடவைகள் ஊரைச் சுற்றிவிட்டு வந்தன.

ஆறாவது மருந்தும் முடிந்த வாரம், மேலாளர் ஒரு மூட்டைத் திரைச்சீலையோடு கடைக்கு வந்தார்.

"இதையும் எடுத்துக்கறீங்களா? இதுவரை இதை வெளுத்த கடைக்காரர் நேரத்துக்குத் தர்றதே இல்லை. நீங்கதான் தேறிட்டீங்களே, பழையபடி சனிக்கிழமையே வச்சுக்கலாமா?"

"புதனே இருக்கட்டும் சார். ஊரே பழகிடுச்சு."

விரல் மரப்பு இன்னும் போகவில்லை. தண்ணீர் தெளித்து, அது சுரீர் என்கிற சத்தத்தில் சூடு பார்க்கிறாள். இப்போது கொசு வழுக்குவதில்லை, மெல்லச் சறுக்குகிறது, அதுவே போதும்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் என்றார் டாக்டர். இந்த முறை அவரே முந்திக்கொண்டார்.

"எந்தக் கிழமை வசதிப்படும்?"

"எதுன்னாலும் சரி, டாக்டர். புதன் மட்டும் வேண்டாம்."